ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு



நான் பிறந்த ஊரில் செய்தித்தாள் வந்து சேருவதற்கு முன்பே செய்தி வந்து சேர்ந்துவிடும். அதைக் கொண்டுவந்தது ஆலயத்து மணி. விடியற்காலையில் அது சீராக ஒலித்தால் காலை ஜெபம் என்று பொருள். தாறுமாறாக ஒலித்தால் எங்கோ ஓலைக்கூரை தீப்பற்றிக்கொண்டது என்று பொருள். ஓர் ஒலி முற்றிலும் அடங்கிய பின்னரே அடுத்த ஒலி எழுமாயின், யாரோ இறந்துபோனார் என்று தெரிந்துகொள்வோம். அவ்வோசை கேட்ட மாத்திரத்தில் பனையுச்சியில் இருப்பவர் அடுத்த பனையில் இருப்பவரைப் பார்த்து, “யாரப்பா?” என்று கேட்பார். அவர் அதற்கடுத்த பனையைக் கேட்பார். மரத்திலிருந்து கீழே இறங்குமுன் விடை வந்துவிடும்.

மணியால் சொல்ல முடியாத மற்றச் செய்திகளையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உபதேசியார் சொல்லுவார். அதற்கு ‘அறிவிப்பு’ என்று பெயர். பிரசங்கத்தின்போது கண்ணயர்ந்தவர்கள்கூட அறிவிப்பு என்றதும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு சிற்றூர்ச் சபையின் வாழ்க்கை எவ்வாறு நடந்தது என்பதை அறிய, அதன் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதைவிட அதன் அறிவிப்பைக் காதுகொடுத்துக் கேட்பதே நல்ல வழி என்பது என் எண்ணம்.

கோபுரங்களுக்கு எங்கள் பக்கத்தில் குறைவில்லை. பழைய திருநெல்வேலிச் சீமையின் தென்கிழக்கே, தேரி எனப்படும் செம்மணற்காட்டின் ஓரங்களில், பனைகளுக்கு மேலே அவை எழுந்து நிற்பதை நீங்கள் கண்டிருக்கலாம். மெய்ஞ்ஞானபுரத்துத் தூய பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி உயரம். 1845ஆம் ஆண்டுப் புயலில் அவ்வூரின் பழைய ஆலயம் அழிந்துபோக, ஜான் தாமஸ் ஐயர் கட்டி எழுப்பிய ஆலயம் அது. இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1847இல் தொடங்கிய ஆலயம் 1880இல்தான் பிரதிஷ்டையாயிற்று. ஒப்பிலக்கண நூலை 1856இல் வெளியிட்ட அதே கால்டுவெல்தான். நூலைவிட ஆலயம் அவரிடம் நெடுங்காலம் வேலை வாங்கியது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1799இல், தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் முயற்சியால் கிறிஸ்தவர்களுக்கென ஓர் ஊர் அமைந்தது. முதலாவதாக அமைந்த ஊர் ஆதலின் அதன் பெயர் முதலூர்.

இனி, சபையின் அமைப்பைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஓர் ஊரிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்தது சபை. பல சபைகள் சேர்ந்தது சேகரம். சேகரத்துக்கு ஒரு குருவானவர். எங்கள் மக்கள் அவரை ‘ஐயர்’ என்பார்கள். அவர் ஊர் ஊராகச் சுற்றி வருவார். திருவிருந்து நாளில் எங்கள் ஊருக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவதும், நோயாளியைப் பார்ப்பதும், சண்டையை விலக்குவதும், கடிதம் எழுதத் தெரியாதவருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் உபதேசியாரின் பொறுப்பு. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை சென்னையில் உருவானபோதும், 2003இல் எங்கள் பகுதி தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலமாகப் பிரிந்தபோதும் மேலே பெயர்ப்பலகை மாறிற்று. கீழே சபையும் சேகரமும் முன்போலவே இருந்தன.

அறிவிப்பில் என்னென்ன வரும்? முதலில் கல்யாண ஓலை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகி இருக்கிறது, தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு வாசிக்கப்படும். ஒருமுறை பெரியவர் ஒருவர் எழுந்து, மாப்பிள்ளை தமக்குப் பதினைந்து ரூபாய் கடன் தரவேண்டும் என்றார். அது திருமணத்துக்குத் தடையாகாது என்று உபதேசியார் விளக்கியும் அவர் உட்காரவில்லை. பெண்ணின் தகப்பனார் மடியை அவிழ்த்துப் பதினைந்து ரூபாயை எண்ணிக் கொடுத்த பிறகே ஓலை வாசித்து முடிந்தது. அவ்விருவரும் நெடுங்காலம் இன்பமாகவே வாழ்ந்தனர்.

அடுத்து, கொழும்பிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்த செய்திகள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது கொழும்பில் கடையில் இருந்த காலம் அது. கப்பல் ஏறுகிறவனுக்காக ஜெபம். சேர்ந்துவிட்டான் என்று கடிதம் வந்ததும் ஸ்தோத்திரம். பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் இருப்பவர் யார், பிரசவமான வீடு எது, தேர்வில் வென்ற பிள்ளை யார் என்பனவெல்லாம் தொடர்ந்து வரும். இவ்வளவு சிறிய ஊர்களின் பிள்ளைகள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு ஒரு சான்று மட்டும் சொல்லுகிறேன். வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவானவர் வீட்டில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912இல் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதன்முறை.

பின்பு காணிக்கைக் கணக்கு. இதில் பிடி அரிசியைப் பற்றிச் சொல்லாமல் போவதற்கில்லை. உலையில் அரிசி இடுமுன் ஒவ்வொரு தாயும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை அதைச் சிறு பையில் கட்டி ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பாள். ஒரு பிடி அரிசி குறைவதால் யார் வயிறும் வாடுவதில்லை. நூறு வீட்டுப் பிடி சேர்ந்தால் சபை நடக்கும். அரைவயிற்றுக்கு உலை வைக்கிற வீட்டிலும் அந்தப் பிடி தவறாது என்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு வேண்டும்.

ஸ்தோத்திரப் பண்டிகையிலே ஏலம் உண்டு. வாழைத்தார், கோழி, கருப்பட்டி, முருங்கைக்காய்க் கட்டு என அவரவர் முதற்பலனாகப் படைத்ததை ஆலய முற்றத்தில் ஏலம் விடுவார்கள். ஓர் எலுமிச்சம்பழம் ஆட்டின் விலைக்குப் போனதும் உண்டு. அது பக்தியால் ஏறிய விலை என்று நினைத்துவிடாதீர்கள். மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காததால் ஏறிய விலை. ஏலத்தை அடுத்து அசனம். அசனம் என்றால் உணவு; எங்கள் ஊரிலோ அது ஆண்டுக்கு ஒருமுறை சபையார் அனைவரும் ஆலய வளாகத்தில் உண்ணும் ஒரே பந்தி. இரவு முழுவதும் ஆண்கள் சமைப்பார்கள். வடித்த சோற்றைப் புதிய ஓலைப்பாய்களில் குன்றுபோல் குவிப்பார்கள். ஆட்டிறைச்சிக் குழம்பின் மணம் அரை மைல் தூரத்துக்கு வரும். வரமுடியாத நோயாளிக்கும் முதியோருக்கும் பாத்திரத்தில் பங்கு போகும். பங்கு போகாத வீடு இருக்கலாகாது என்பது விதி.

எல்லாரும் எங்கும் அவ்வாறே ஒன்றாக அமர்ந்தனர் என்று சொல்ல எனக்கு ஆசைதான். உண்மை அப்படியன்று. வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயம் 1872இல் இரு சாதியாருக்கு இரு கூடமாகக் கட்டப்பட்டது. 1910இல் அத்தடுப்பு நீக்கப்பட்டபோது வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஆலயத்துக்குள் சுவர் எழுப்பாத சபைகளிலும் கண்ணுக்குத் தெரியாத சுவர்கள் இருந்தன. இதை மறைத்துவிட்டு அசனத்தின் மணத்தை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

சபையின் வாழ்வெல்லாம் எழுத்தில் இருப்பது அதன் பதிவேடுகளில். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று. திருநெல்வேலிச் சபையின் மிகப் பழைய பட்டியல் 1780ஆம் ஆண்டினது. சுவார்ட்ஸ் ஐயர் காலத்தது. அதில் 40 பெயர்கள். முதற்பெயர் குளோரிந்தாள். தஞ்சையிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்த பிராமணக் கைம்பெண் அவர். 1778இல் ஞானஸ்நானம் பெற்றார். அவர் முயற்சியால் 1785இல் எழுந்த சிறிய ஆலயத்தைப் ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்றே ஊரார் அழைக்கின்றனர். நான் கல்லூரியில் படித்த காலத்தில் அதன் வாசலில் நெடுநேரம் நின்றிருக்கிறேன். அந்தப் பட்டியலின் முதல் வரியைப் பற்றி எண்ணும்போதெல்லாம், நான் என் கையால் எழுதிய ஒரு பட்டியல் நினைவுக்கு வந்துவிடுகிறது. அதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

1962ஆம் ஆண்டு, மாசி மாதம். எனக்கு வயது பதின்மூன்று. எங்கள் உபதேசியாருக்குக் கண்பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. என் கையெழுத்துப் பெரிதாகவும் அழகாகவும் இருக்கும் என்பதால் சனிக்கிழமை மாலைகளில் என்னை அழைத்து அறிவிப்புத் தாளை எழுதச் சொல்லுவார். அந்த வாரம் சபைப் பொக்கிஷதாரர் ஒரு கணக்கைக் கொடுத்திருந்தார். ‘சங்கக் காணிக்கை’ என்னும் ஆண்டுச் சந்தாவைச் செலுத்தாதவர் பட்டியல் அது. ஆண்டுக்கு ஒருமுறை அப்பெயர்களைத் தொகையோடு ஆலயத்தில் வாசிப்பது அந்நாளைய வழக்கம். பதினேழு பெயர்கள். நான் கோடு போட்டு, மை தொட்டு, ஓர் எழுத்தும் சாயாமல் எழுதிக் கொடுத்தேன்.

ஏழாவது பெயர் வடக்குத்தெருப் பனைத்தொழிலாளி ஒருவருடையது. அதற்கு எதிரே ஆறு ரூபாய் இருபத்தைந்து நயா பைசா. அவர் அதற்கு முந்தைய ஆனி மாதத்திலேயே இறந்துபோயிருந்தார்.

பனைத்தொழில் எத்தகையது என்பதை உங்களில் பலர் அறியீர்கள். பங்குனி தொடங்கி ஆவணி வரை பதநீர்க் காலம். முப்பது, நாற்பது மரங்களில் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஏறவேண்டும். ஒவ்வொரு முறையும் பாளையைச் சீவிவிட்டு, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி இறங்கவேண்டும். ஒரு நாள் பதநீர் மரத்துக்காரருக்கு, மறுநாள் பதநீர் ஏறுபவருக்கு என்பது அந்நாளைய ஏற்பாடுகளுள் ஒன்று. தம் பங்குப் பதநீரை மனைவி விடிலியில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவாள். மழை தூறி மரம் வழுக்கிய ஒரு மாலையில் அவர் கீழே விழுந்தார். மணி விட்டு விட்டு ஒலித்தது. ஏறுவதற்கு ஆள் இல்லாதபோது காய்ச்சுவதற்குப் பதநீர் ஏது? அடுப்பு அணைந்தது. அவர் மனைவி ஓலைப்பாயும் பெட்டியும் முடைந்து மூன்று பிள்ளைகளை வளர்த்துவந்தார். எனக்கு அவர் சித்தி முறை. பள்ளிக்குப் போகும் வழியில் அவர் வீட்டில் எத்தனையோ நாள் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன்.

பொக்கிஷதாரரின் பேரேட்டில் கணக்கு முழுவதும் குடும்பத் தலைவரான ஆணின் பெயரிலேயே இருந்தது. இறந்தவரின் பெயரை யாரும் அடிக்கவில்லை. கணக்கில் இருந்ததை அவர் எடுத்துக் கொடுத்தார். கொடுத்ததை நான் எழுதினேன். அவர் இறந்தது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். ஆனால் எழுதும்போது எனக்கு அது பெயராகத் தெரியவில்லை, எழுத்தாகத்தான் தெரிந்தது.

மறுநாள் உபதேசியார் தாளைக் கண்ணுக்கு அருகே பிடித்துக்கொண்டு வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தார். ஏழாவது பெயரையும் தொகையையும் வாசித்த பின்புதான் தாம் என்ன வாசித்தோம் என்பதை உணர்ந்தார். எட்டு மாதங்களுக்கு முன் அந்தக் குழியருகே நின்று ஜெபம் செய்தவரே அவர்தான். அவர் குரல் அப்படியே நின்றுவிட்டது. ஆலயத்தில் அசைவில்லை. பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த சித்தி எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேரே முன்னால் நடந்து சென்று, மடியில் வைத்திருந்த பிடி அரிசிப் பையைக் காணிக்கைப் பெட்டியின் அருகில் வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் தாயார் சோறு போட்டுக்கொண்டே, “எழுதினது நீதானே?” என்று கேட்டார். ஆம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

திங்கட்கிழமை இரவு சபைக் கமிட்டி கூடியது. பெரியவர்கள் பேசுவதைத் திண்ணையில் இருந்து கேட்டேன். பொக்கிஷதாரர் கெட்டவர் அல்லர். அதை நான் சொல்லியாக வேண்டும். பெயரை நீக்காதது தம் பிழை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் வாசிக்கும் வழக்கத்தை மட்டும் விடமுடியாது என்றார். “கூரை ஒழுகுகிறது. சேகரத்துக்குக் கட்டவேண்டிய பங்கு பாக்கி. வாசித்தால்தான் பணம் வருகிறது. வாசிக்காவிட்டால் யார் தருவார்கள்? சொல்லுங்கள்” என்று கேட்டார். அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல யாராலும் முடியவில்லை. வாசித்த மறுவாரம் பாதிப்பேருக்கு மேல் பணத்தோடு வந்துவிடுவது உண்மையே. அப்போது உபதேசியார், “வருகிறது. எப்படி வருகிறது? வட்டிக்கு வாங்கி வருகிறது” என்றார். அதன் பின்பு வாக்குவாதம் நள்ளிரவு வரை நடந்தது. கடைசியில் இரண்டு முடிவுகள்: இனிப் பாக்கிப் பட்டியலை ஆலயத்தில் வாசிப்பதில்லை; சித்தி வீட்டுப் பாக்கி தள்ளுபடி.

அடுத்த ஞாயிறு உபதேசியார், கல்யாண ஓலைக்கும் முன்பாக, தம் பிழையைத் தாமே அறிவித்தார். அடக்கப் பதிவேட்டில் இருக்கவேண்டிய ஒரு பெயரைப் பாக்கிப் பட்டியலில் வாசித்துவிட்டதாகவும், அதற்காகச் சபையாரிடமும் அக்குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னார். எழுதிய பையனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் கேட்கவேண்டியவர் அன்று ஆலயத்தில் இல்லை.

அன்று மாலை உபதேசியார் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வடக்குத்தெருவுக்குப் புறப்பட்டார். கண் தெரியாதவர் ஆதலால் அரிக்கேன் விளக்கோடு நான் முன்னே நடந்தேன். சித்தி திண்ணையில் பாய் முடைந்துகொண்டிருந்தார். எழுந்து நின்று, “வாருங்கள் ஐயா” என்றார். உபதேசியார் விளக்கு வெளிச்சத்தில் தாளைப் பிடித்து அதை மறுபடியும் முழுவதும் வாசித்தார். சித்தி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இதை அங்கேயும் வாசித்தீர்களா ஐயா?” என்று கேட்டார். “வாசித்தேன் அம்மா” என்றார் அவர். “அப்படியானால் சரி” என்றார் சித்தி. தள்ளுபடியைப் பற்றி உபதேசியார் சொன்னபோது மட்டும் அவர் முகம் மாறிற்று. “அவர் வைத்துவிட்டுப் போன கடன். அதை நான் தருவேன்” என்று சொல்லிவிட்டு ஓலையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவ்வாண்டு சங்கக் காணிக்கை குறைந்தது என்பதையும் நான் மறைக்கக்கூடாது. பொக்கிஷதாரர் வீடு வீடாக நடந்தார். நடந்தும் முன்போல் சேரவில்லை. கூரையை மறுவருடந்தான் மாற்ற முடிந்தது. அந்த ஐப்பசி மழையில் பெண்கள் பக்கத்துப் பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு எல்லாரும் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று ஆராதித்தோம். சிலர் உபதேசியாரைக் குறைகூறினர். அவர் ஒன்றும் பேசவில்லை. இன்று எங்கள் சபையின் அறிவிப்பு கைப்பேசியில் சனிக்கிழமையே வந்துவிடுகிறது. நன்கொடை தந்தோர் பட்டியல் தொகையோடு வருகிறது. தராதோர் யார் என்பதை அதிலிருந்து கூட்டிக் கழித்து அறிந்துகொள்ள முடியாதா என்ன?

ஆவணி மாத ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. அதற்குள் சித்தி ஆலயத்துக்கு மீண்டும் வரத் தொடங்கியிருந்தார். முற்றத்தில் ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஓரமாக ஒரு மேசை போட்டுப் பொக்கிஷதாரர் உட்கார்ந்திருந்தார். ரசீது எழுத நான் பக்கத்தில். சித்தி வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். எல்லாம் சில்லறை. பொக்கிஷதாரர் எண்ணினார். ஆறு ரூபாய் இருபத்தைந்து நயா பைசா. “இது தள்ளுபடியாகிவிட்டதே அம்மா” என்றார். சித்தி பதில் சொல்லாமல் நின்றார். அவர் பெருமூச்சு விட்டு, ரசீதை எழுதும்படி எனக்குச் சைகை காட்டினார்.

நான் பேனாவை எடுத்தேன். எந்தப் பெயரை எழுதுவது என்று தெரியாமல் கை நின்றது. சித்தி அதைக் கவனித்துவிட்டார்.

“அவர் பெயர் வேண்டாம் தம்பி. என் பெயரை எழுது” என்றார்.

பொக்கிஷதாரர் பேரேட்டைப் புரட்டினார். பெண் பெயரில் அதில் ஒரு பக்கமும் இல்லை. சற்று யோசித்தார். பிறகு கடைசியில் இருந்த வெற்றுத்தாளை விரித்து, என் பக்கம் தள்ளினார். அதன் தலைப்பில் சித்தியின் பெயரை எழுதினேன். ரசீதிலும் எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பி நீட்டி, “படி” என்றார். படித்தேன்.

ஏலக்காரரின் கூச்சலில் அது சரியாகக் கேட்கவில்லை போலும். “இன்னும் கொஞ்சம் உரக்கப் படி, தம்பி” என்றார் சித்தி. எழுந்து நின்று, முற்றத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கப் படித்தேன்.